மேலூர்க் குழாயும் நான் எழுதிய பெயரும்

இந்தக் கட்டுரையில் வரும் மலையூரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே எனக்குக் களி கிண்டிப் போட்ட அக்காவின் பெயரையும் எழுதப் போவதில்லை. பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்பீர்கள். தருமபுரி மாவட்டம், வத்தல்மலைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயரை எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

சென்னையில் பொது நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். மூன்றாம் பருவத்தில் எங்களுக்குக் களப்பயிற்சி உண்டு. அரசாங்கம் நடப்பதைப் புத்தகத்தில் பார்த்தது போதும், பக்கத்தில் போய்ப் பாருங்கள் என்று ஆளுக்கொரு திசையில் அனுப்புவார்கள். என் அறைத்தோழன் பிரகாஷுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் கிடைத்தது. எனக்கு ஒரு மலை ஊராட்சி. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நடக்கும் கிராம சபைக்கு நாலு நாள் முன்னால் போக வேண்டும். மக்களிடமிருந்து ஒரு கோரிக்கையைக் கண்டுபிடித்துத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். திரும்பி வந்து படிவத்தை நிரப்பித் தர வேண்டும். படிவம் குறையாக இருந்தால் அந்தப் பருவமே திரும்ப.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான் முதல். அப்பாவும் அம்மாவும் வேதாரணியம் பக்கம் உப்பளத்தில் வேலை. "பருவம் திரும்ப" என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று ரயிலில் வரும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். போய்ச் சேருவதற்குள்ளேயே தோற்றுவிட்ட மாதிரி இருந்தது.

தருமபுரியில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. பேருந்து நிலையத்தில் ஊராட்சிச் செயலர் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் புதுக் கொடிக்கயிறு, இன்னொரு கையில் நிப்பட்டுப் பொட்டலம்.

"நீங்கதானுங்களா காலேஜு தம்பி? போன வருசம் கொடி பாதியில மாட்டிக்கிச்சுங்க. தலைவரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்குதே! அதான் இந்தத் தாட்டி கயித்த மொதல்ல வாங்கிட்டேன். நிப்பட்டு சாப்பிடுங்க."

தட்டையைப் போலத்தான், ஆனால் இன்னும் தடிமன், இன்னும் காரம். இரண்டு தின்றேன். தின்றது தப்பு என்று மலைப்பாதையில் தெரிந்தது.

எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் உப்புக் குவியல்தான். சின்ன பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிர்வரிசையில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று செயலரைக் கேட்டேன்.

"இந்தப் பையன் கம்பியைப் புடுங்கி வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவான் போலன்னு சொல்றாங்க."

நாலாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்கள்: கடைசி சீட்டில் கதவோரம் உட்காருகிறவர் காலடியில் ஒரு கல் இருக்கும், வண்டி நின்றால் அவர்தான் குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்க வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். குதித்தேன், வைத்தேன். வண்டி கிளம்பியதும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மேலே போவதற்குள் மூன்று முறை. "கவர்மெண்டு வேலைக்கு இதாங்க மொத ட்ரெயினிங்" என்றார் ஓட்டுநர்.

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. பஸ் நிற்குமிடம் கீழூர். ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, ஊராட்சித் தலைவரம்மாவின் வீடு எல்லாம் அங்கே. அரை மணி நேரம் ஏறினால் மேலூர், முப்பது வீடுகள். நடுவில், மேலூரைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு மேட்டில் தண்ணீர்த் தொட்டி. அலுவலகத்தின் பின்னறையில் எனக்குப் பாய் போட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போர்வைக்குள் நுழைந்துவிட்டேன். ஆகஸ்டில் குளிரும் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாம் நாள் கீழூரில் வீடு வீடாகப் போனேன். "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க, உக்காருங்க, டீத்தண்ணி குடிங்க" என்றார்கள். பதினோரு வீடு, பதினோரு டீ. கோரிக்கை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்றபோது பிரகாஷ் கூப்பிட்டான். "இன்னிக்கு மந்திரி பக்கத்துல நின்னேன்டா. போட்டோவுல என் தோள்பட்டை வந்திருக்கு." நான் டீ குடித்த கணக்கைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேலூருக்கு ஏறினேன். சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என் சட்டைப் பையில் இருந்த பேனாவைத்தான் முதலில் பார்த்தார்.

"எதுக்கு இப்பிடி நாக்குத் தள்ள ஏறி வர்றீங்க? சோறு தின்னீங்களா?"

வீட்டுக்குக் கூட்டிப்போய் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். களியைப் பிட்டு, கடைசலில் தொட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவருடைய மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அந்த நேரம் வீட்டுச் சோறும் மத்திமீன் குழம்பும் நினைவுக்கு வந்தது உண்மை. ஆனால் இரண்டாவது உருண்டையையும் வாங்கிக்கொண்டேன்.

கைகழுவச் செம்பில் பாதித் தண்ணீர்தான் கொடுத்தார். வெளியே வாசலில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம், வாய் உடைந்து கறுப்பு ரப்பரால் கட்டியது, காலியாகச் சாய்ந்திருந்தது.

"தண்ணி வரலீங்களா அக்கா?"

"தொட்டி நெறஞ்சிருக்கறப்ப எங்க வால்வைத் தொறந்தாத்தான் ஒசக்க ஏறும். கீழ மொதல்ல தொறந்துட்டா எங்க குழாயில காத்துதான். மொதல்ல எங்களுக்கு ஒரு அரைமணி நேரம் வுட்டுட்டு அப்பறம் கீழ வுட்டா ரெண்டு ஊருக்கும் பத்தும். அப்பிடின்னு ஊர்ல சொல்றாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கோரிக்கை கிடைத்துவிட்டது! காசு வேண்டாம், கட்டடம் வேண்டாம், ஒரு வால்வை முன்னால் திறந்தால் போதும். படிவத்தை எடுத்தேன். முதல் கட்டம்: கோரிக்கை எழுப்பியவர் பெயர்.

"ஊர்ல யாரு சொல்றாங்க?"

"ஊர்லதான்."

"யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாங்கல்ல?"

"எல்லாரும்தான் சொல்றாங்க தம்பி."

"நீங்க சொல்றீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் களிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு, "நானுந்தான்" என்றார். மகள் தன் பெயரைச் சொன்னபோதே அப்பா, அம்மா பெயரையும் சொல்லியிருந்தாள். எழுதிக்கொண்டேன்.

ஏன் அவ்வளவு விடாப்பிடி என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவுக்கே நான்தான் மனு எழுதுகிறவன். தெருவிளக்கு வேண்டுமென்று முதல்முதலாக எழுதிய மனுவில் "இப்படிக்கு, தெருமக்கள்" என்று போட்டேன். மனுதாரர் பெயர் இல்லை என்று திரும்பி வந்தது. பெயர் இல்லாவிட்டால் அரசாங்கத்தின் காதில் விழாது என்று அன்றைக்கு மனதில் பதிந்தது. பெயர் எழுதுவதுதான் நான் மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

நாலாம் நாள் முழுக்க உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினேன். செயலரிடம் காட்ட மூன்று முறை போனேன். அவர் கொடிக்கம்பத்தின் உருளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கும் தம்பி, நீங்க படிச்ச ஆளு. நாளைக்கி நீங்களே மைக்குல படிச்சிருங்க, எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

ஐந்தாம் நாள் கொடி தடங்கலில்லாமல் ஏறியது. தலைவரம்மாவே செயலருக்கு முதல் மிட்டாய் கொடுத்தார். பள்ளிக்கூட மரத்தடியில் சபை கூடியது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் ரேகையும் போடப் போட எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. போதுமான ஆள் வந்துவிட்டது. என் முறை வந்தபோது எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். குரல் தெளிவாகத்தான் வந்தது.

"மேலூரில் வசிக்கும் திருமதி..." என்று பெயரையும் கணவர் பெயரையும் படித்தேன். "அவர்கள் அளித்த கோரிக்கையின்படி, தொட்டி இயக்குபவர் நாள்தோறும் மேலூர் வால்வை முதலில் திறக்க வேண்டுமென இச்சபை தீர்மானிக்கிறது."

கைதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். பெண்கள் பக்கம் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அந்த அக்கா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். நரைத்த மீசை, காக்கிக் கால்சட்டை. முழநீள இரும்புத் தண்டு ஒன்று கையில் இருந்தது, வால்வு திறக்கும் சாவி. நேராக வந்து மேசைமேல் அதை வைத்தார். மைக்கில் அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டது.

"கேட்டவங்களே தொறந்துக்கட்டும்."

போய்விட்டார். மேலூர்க்காரர்கள் எல்லாரும் அவர் போன திசையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். தலைவரம்மா செயலரைப் பார்த்தார். போன வருடக் கொடிப் பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"என்னா தம்பி இப்பிடிப் பண்ணிட்டீங்க?" செயலர் என்னைத் தனியே இழுத்துப்போனார். தொண்டை சரியாகிவிட்டிருந்தது. "அவரு அந்தப் பொண்ணோட வூட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த அண்ணன். இங்கெல்லாம் மூத்தவரு முன்னாடி தம்பி பொண்டாட்டி நின்னு ஒரு வார்த்தை பேசாது. ஏதாச்சும் வேணும்னா புள்ளைய அனுப்பிச் சொல்லும். நீங்க மைக்கு வெச்சு அவரு மூஞ்சிக்கு நேரா பேச வெச்சிட்டீங்களே!"

"அவங்க பேசலீங்களே, நான்தானே படிச்சேன்."

"பேரு அதோடதுங்களே."

அந்தச் சாவியை யாரும் தொடவில்லை. ஊர்முன் வைத்ததை ஊர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். கூட்டம் கலைந்த பிறகு மேசையோடு சேர்த்து அலுவலகத்துக்குள் தூக்கி வைத்தார்கள்.

ஆறாம் நாள் கீழூருக்கும் தண்ணீர் இல்லை. பொழுது விடிந்ததிலிருந்து ஜன்னலுக்கு வெளியே குடங்கள் மோதும் சத்தம். "கேட்டாளே மகராசி, இப்ப ரெண்டு ஊரும் நாக்கை வறட்டிக்கிட்டு நிக்குது" என்று ஒரு குரல். "காலேஜு தொரை எங்க, இன்னும் எந்திரிக்கலையா? கூப்புடு, வந்து தண்ணி வுடட்டும்" என்று இன்னொரு குரல். நான் விழித்துத்தான் இருந்தேன். வெளியே வரத் துணிச்சல் இல்லை.

பிறகு பின்வழியாக மேலூருக்கு ஏறினேன். ஊருக்கு மேற்கே பள்ளத்தில் ஒரு ஊற்று இருந்தது. ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் ஆகும். குடங்கள் வரிசையாக நின்றன. அந்த மஞ்சள் குடம் மட்டும் வரிசையில் இல்லை, பத்தடி தள்ளி ஒரு கல்லின் மேல். அக்கா அதன் பக்கத்தில் நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.  நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார், என்னைப் பார்க்காமல்.

"ஊருன்னு எழுதியிருந்தீங்கன்னா யாருக்குக் கோவம் வந்திருக்கும்? ஊரு மேல யாரு கோவிச்சுக்குவாங்க? என் பேரைப் போட்டீங்க. இப்ப ஊரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"பேரை அடிச்சிடறேன் அக்கா."

"காதுல விழுந்ததை எப்பிடி அடிப்பீங்க?"

மகள் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டிலேயே இருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லாததால் பெரியப்பா மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள் என்று அன்றைக்குக் களி சாப்பிடும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த மடி இனிமேல் கிடைக்குமா?

சாவியை வைத்துவிட்டுப் போன அந்தப் பெரியப்பாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: அந்த அக்கா மனு கொடுக்கவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன், என் படிவத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

"நீ எழுதுனதுல பொய்யி ஒண்ணும் இல்ல" என்றார் சீவுவதை நிறுத்தாமல். "மூணு மாசமா அந்தப் புள்ள வந்து 'பெரிப்பா தண்ணி, பெரிப்பா தண்ணி'ன்னு கேட்டுக்கிட்டுதான் இருக்குது. மேல மொதல்ல தொறந்தா கீழூர்ல நாலு பேரு என் சட்டையப் புடிக்கறான். கீழ தொறந்தா என் சொந்த வூட்டுக்குத் தண்ணி இல்ல. எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்குது?"

"அப்ப இந்தத் தீர்மானம் உங்களுக்கே நல்லதுதானுங்களே? யாராவது கேட்டா, சபை சொல்லிருச்சுன்னு சொல்லிடலாம்."

கத்தி நின்றது. முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சபை சொல்லலையே. தம்பி பொண்டாட்டி சொல்லுச்சுன்னுதானே படிச்ச?"

சாவியை நானே கொண்டுவந்து தரட்டுமா என்றேன். "நீ யாரு ஊரா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்ட மாதிரி இருந்தது.

இறங்கி வந்து செயலரிடம் நடந்ததைச் சொன்னேன். "சபை சொல்லலையே" என்று பெரியப்பா சொன்னதையும் அப்படியே சொன்னேன். செயலர் தீர்மானப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். பெயர் இருந்த வரியைத் தலைவரம்மா அறிய அடித்துவிட்டு "ஊர்ப் பொதுமக்கள்" என்று திருத்தி எழுதலாம். ஆனால் உங்களுக்குப் படிவத்தில் கோரிக்கையாளர் என்று காட்ட ஆள் இருக்காது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அப்பாவின் வெடித்த பாதங்கள் நினைவுக்கு வந்தன. பிறகு அந்த மஞ்சள் குடம். திருத்தி எழுதினேன்.  செயலர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவரம்மா வீட்டுப் பக்கம் போனார். அங்கிருந்து மேலூர்ப் பாதையில் ஏறுவதைப் பார்த்தேன். யார் யாரிடம் பேசினார், என்ன பேசினார், தெரியாது.

ஏழாம் நாள் காலை ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்தேன். மேசைமேல் சாவி இல்லை. அது கிடந்த இடத்தில் துரு மட்டும் ஒரு கோடாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருட்டுப் போய்விட்டதா, கோபத்தில் யாராவது கிணற்றில் போட்டுவிட்டார்களா? செயலரைத் தேடி ஓடினேன். அவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டுநரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாவியைக் காணோம்! யாரு எடுத்தாங்க?"

"கேக்காதீங்க தம்பி."

"இல்லண்ணே, யாரு..."

"ஒருதாட்டி யாருன்னு கேட்டீங்களே, போதாதா? வாங்க, வண்டியெடுத்து மேலூர்ப் பாதையில உங்களைக் கொண்டுபோய் வுடறேன். பஸ்சை அந்தாண்ட வளைவுல புடிச்சுக்கலாம்."

அது சுற்று வழி. ஏன் அந்த வழி என்று அவர் சொல்லவில்லை. இருசக்கர வண்டியின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலூர் நெருங்க நெருங்கப் பாதையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். தொட்டி மேட்டில் ஒருவரும் இல்லை. வளைவு திரும்பியதும் குழாயடி தெரிந்தது. தண்ணீர் விழும் சத்தம் வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பெண்கள் ஏதோ ஏசிக்கொண்டிருந்தார்கள், யாரோ யார் குடத்தையோ நகர்த்திவிட்டார்களாம். பச்சை, நீலம், சிவப்பு, பித்தளை என்று ஒரு பத்துப் பதினைந்து குடம் நீள வரிசையாக நின்றது. மஞ்சள் குடத்தைத் தேடினேன். முதலில் இல்லை. கடைசியிலும் இல்லை. தள்ளி எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. வண்டி தாண்டிப் போகும் நேரத்தில்தான் கண்ணில் பட்டது. வரிசைக்கு நடுவில், இரண்டு நீலக் குடங்களுக்கு இடையே, ரப்பர் கட்டிய வாயோடு நின்றது.

அக்கா இருந்தாரா என்று பார்ப்பதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன. காது குத்துக்கு மடி கிடைத்ததா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. செயலரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் கதவோரமாக நானே போய் உட்கார்ந்தேன். இறக்கத்தில் கல்லுக்கு வேலையில்லை. இருந்தாலும் கால் அதன்மேலேயே இருந்தது.

சென்னை வந்து படிவத்தை நிரப்பினேன். கோரிக்கை எழுப்பியவர் பெயர்: ஊர். தீர்த்து வைத்தவர் பெயர்: ஊர். இரண்டு நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "பெயர் குறிப்பிடவும்" என்று எழுதியிருந்தது.  ஆறாம் வகுப்பில் திரும்பி வந்த அதே மனு மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தேன். முன்பு எழுதியதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், திரும்பவும் ஊர் என்று எழுதி, அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு இன்னும் வரவில்லை.